ஆனந்தரங்கப் பிள்ளையின் வியாபாரம்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பரீட்சை தேறிய வாலிபர்களை, மேலே என்ன செய்வதாக உத்தேசம் என்று விசாரித்தால், உத்தியோகம் என்றே பெரும்பாலோர் விடை பகருகின்றனர். வியாபாரம் என்று வாய் திறப்பவரோ, முதல் இல்லையே என்று மறுகணமே ஏங்குகின்றார். இவ்விரு ஊர்களுக்கும் சமீபத்திலுள்ள புதுச்சேரியில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் சரித்திரத்தை அவர்கள் ஊன்றி நோக்குவது நலம்.

பிள்ளையவர்கள் 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை, மைத்துனராகிய நைனியப்பப் பிள்ளையின் அழைப்பின்பேரில் புதுச்சேரியில் குடியேறினார். பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாயிருந்த நைனியப்பரோ, 1716இல் கைது செய்யப்பட்டு, மறு ஆண்டில் சிறையிலேயே உயிர் துறந்தார். அவருக்கு விதித்த தண்டனை தவறென்று பின்னர் பிரான்ஸில் முடிவாயிற்று. இறந்தவருக்கு அந்நீதியால் யாது பயன்? அந்நியர் தயவில் வாழும் வாழ்க்கை எத்தகையது என்பதை ரங்கப் பிள்ளை இளம் பிராயத்திலேயே கண்டுகொண்டார்.

1726இல் தந்தை காலமானார். கவர்னர் லெனுவார், பரங்கிப்பேட்டையிலிருந்த பண்டகசாலையைப் பிள்ளையிடம் ஒப்புவித்தார். அங்கே அவர் கண்டது என்ன? கும்பினிக்கு வேண்டியது துணி. கப்பல்கள் நிற்பதோ கடற்கரையில். தறிகளோ உள்நாட்டுக் கிராமங்களில் பரந்து கிடந்தன. ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு கரையில் இறங்கிற்று. அதை வாங்கவல்லவர்களோ நவாபின் தலைநகரான ஆற்காட்டில் இருந்தனர். இரு பக்கத்திலும் தேவை இருந்தது, இடையே பாலமில்லை. பிள்ளை தம் சொந்தச் செலவில் ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் வியாபார ஸ்தலங்களை நிறுவினார். ஐரோப்பியச் சரக்கைக் கொடுத்து, கும்பினிக்கு வேண்டிய உள்நாட்டுச் சரக்கை மாற்றிக்கொண்டார். பிற்காலத்தில் ஆனந்தப்புரவி என்னும் அவருடைய சொந்தக் கப்பலும் கடலோடியது.

அவர் செல்வர் வீட்டுப் பிள்ளைதானே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வாஸ்தவமே. ஆயினும் பணம் படைத்தோர் அன்று வேறு பலரும் இருந்தனர். எந்த ஊரில் எது மிகுதி, எந்த ஊரில் எது குறைவு என்று அறிந்திருப்பதே வியாபாரியின் மூலதனம். 1736 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பே இதற்குச் சாட்சி. கப்பல் வரவு, சரக்கு விவகாரம், அரண்மனைச் செய்தி, ஊர்ப்பேச்சு யாவும் அதிற் பதிவாகியுள்ளன. 1846இல் வெளிப்பட்ட அக்குறிப்பைச் சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது.

டூப்ளே ஆட்சியில், 1747இல், பிள்ளை தலைமைத் துபாஷியானார். புகழ் உச்சியை அடைந்தது. அபாயமும் உடன் வந்தது. கர்நாடக யுத்தங்களில் இந்நாட்டின் கிராமங்கள் இரு அந்நியக் கும்பினிகளின் போர்க்களமாயின. 1750இல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1754இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1756இல் பிள்ளையும் பதவியிழந்தார். 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை முறிந்தது. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே மாதத்தில், பிள்ளையவர்கள் காலமானார். பின்னர் அந்நகரமே இடித்துத் தள்ளப்பட்டது.

இச்சரித்திரம் நமக்கு இரண்டு பாடங்களைப் புகட்டுகின்றது. முதலாவது, ஊராரின் குறை எதுவோ அதுவே வியாபாரத்தின் வித்து. மணிலாக்கொட்டை விளையும் இப்பிரதேசத்தில், விளைவிப்போனுக்கும் வாங்குவோனுக்கும் நடுவே இன்று நிரப்பப்படாத இடம் எது என்று நம் வாலிபர்கள் சந்தைதோறும் சென்று விசாரிக்கட்டும். விசாரித்ததை எழுதி வைக்கட்டும். இரண்டாவது, ஒரே வாடிக்கைக்காரனை நம்பி வளர்ந்த செல்வம், அவன் சரியும்போது தானும் சரியும். பிள்ளையின் சாமர்த்தியத்தில் குறைவில்லை. அச்சாமர்த்தியத்தைத் தாங்கி நிற்கத் தமக்கென ஓர் அரசு அவர் காலத்துத் தமிழருக்கு இல்லை. 1947க்குப் பின் பிறந்த நமக்கோ அந்தச் சாக்கும் கிடையாது.