முடிசூடாப் பந்தய வீரர் ஜில் வில்னேவ்

ஒருவரது ஆற்றலை அளப்பதற்கு உலகத்தார் பெரும்பாலும் கையாளும் அளவுகோல் அவர் பெற்ற பட்டமேயாம். பட்டம் பெற்றாரைப் பட்டியலில் எழுதி வைப்பதும், பெறாதாரை மறந்துவிடுவதும் உலகியற்கை. எனினும், சிற்சிலர் தலைமைப் பட்டத்தைப் பெறாமலே, பெற்றார் பலரினும் மேலாக மக்கள் உள்ளத்தில் இடங்கொண்டு விடுகின்றனர். மோட்டார்ப் பந்தயத் துறையில் அத்தகையோர் ஒருவர், கனடா நாட்டினராகிய ஜில் வில்னேவ் என்பார். அவர் மறைந்து நாற்பதாண்டுகளுக்கு மேலாயின. அவருக்கு உலகச் சாம்பியன் பட்டம் கிட்டாமைக்குத் திறமைக் குறைவு காரணமன்று; தம் குழுவின் ஒழுங்கிற்கு அவர் அடங்கி நின்ற ஒரு நாளே பெருங்காரணம். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பந்தயத்தின் இயல்பு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலைத் தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பார்முலா ஒன்று எனப்படும் முதல்தரப் பந்தய வண்டியொன்று மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் இடைவிடாது ஓடுமாயின், அத்தொலைவை 8 நிமிஷத்தில் கடந்துவிடும். ஆனால் நேரான பாதையில் விரைந்து செல்லுதல் பெருந்திறமையன்று. அது பெரிதும் இயந்திரத்தின் வேலை. சாரதியின் திறமை வளைவுகளிலேயே வெளிப்படும். டயர் தரையைப் பற்றி நிற்பதற்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லைக்குச் சற்றுக் குறைவாக ஓட்டுவோன் பிந்துவான். சற்று மிகையாக ஓட்டுவோன் பாதையை விட்டுச் சுழன்று போவான். அவ்வெல்லையின்மேல் கயிற்றின்மேல் நடப்பான் போல ஒவ்வொரு வளைவிலும் நிற்க வல்லவனே சிறந்த சாரதி.

வில்னேவ் காலத்தில் ஆண்டொன்றில் பல நாடுகளில் பதினைந்து பதினாறு பந்தயங்கள் நடைபெற்றன. வில்னேவ் காலத்தில் முதலாவதாக வந்தவருக்கு 9 புள்ளிகளும், அடுத்த ஐவர்க்கு முறையே 6, 4, 3, 2, 1 புள்ளிகளும் அளிக்கப்பட்டன. ஆண்டிறுதியில் புள்ளிகள் மிகுதியாகப் பெற்றவரே உலகச் சாம்பியன்.

பிறப்பும் இளமையும்

ஜில் வில்னேவ் 1950-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 18-ஆம் தேதி, கனடாவில் பிரெஞ்சு மொழி வழங்கும் கியூபெக் மாகாணத்தில் பிறந்தார். தந்தையார் பியானோ வாத்தியங்களைச் சுருதி கூட்டும் தொழில் செய்து வந்தவர். மைந்தரும் இளமையில் டிரம்பெட் என்னும் ஊதுகுழல் பயின்றார். ஆயினும் அவர் மனம் இசையினும் இயந்திரங்களையே பெரிதும் நாடிற்று.

குளிர்காலத்தில் பனி உறைந்து கிடக்கும் அந்நாட்டில், பனிமேல் ஓடும் மோட்டார்ச் சறுக்கு வண்டிகளுக்குப் பந்தயம் உண்டு. முன்செல்லும் வண்டிகள் கிளப்பும் பனித்தூள் கண்ணை மறைக்கும். வண்டியோ ஓயாது வழுக்கும். இப்பந்தயங்களில் முன்னணியில் நின்ற வில்னேவ், வழுக்கும் வண்டியை அடக்கியாளவும், எதிரே தெரியாத இடத்திலும் துணிந்து செல்லவும் கற்றார். பின்னாளில் மழையில் நனைந்த பாதைகளில் அவர் காட்டிய வியத்தகு திறமைக்கு இதுவே பள்ளிக்கூடம் எனலாம்.

செல்வம் அவருக்கில்லை. 1970-இல் மணம் புரிந்து, ஒரு மகனுக்கும் ஒரு மகளுக்கும் தந்தையான பின்னரும், பந்தயச் செலவிற்காகத் தாம் குடியிருந்த நடமாடும் வீட்டையே விற்றார் என்றால், அவர் வேட்கையின் அளவு விளங்கும். இது போற்றத்தக்கதோ என்று கேட்பார் கேட்கலாம். மனைவி மக்கள் அதனால் பட்ட இன்னல் சிறிதன்று. 1976-இல் அட்லாண்டிக் வகை வண்டிப் பந்தயங்களில் வட அமெரிக்காவில் தமக்கு நிகரில்லை என நிறுவினார். அவ்வாண்டு திரோவா ரிவியேர் என்னும் நகரில் நடந்த பந்தயத்தில், அவ்வாண்டின் உலகச் சாம்பியனாக விளங்கவிருந்த ஜேம்ஸ் ஹன்ட் என்னும் ஆங்கிலேயரையும் வென்றார். தோற்றவரான ஹன்டே இவ்விளைஞரின் திறமையைத் தம் மக்லாரன் குழுவினரிடம் எடுத்துரைத்தார் என்பது அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று.

முதல் வாய்ப்பும் முதல் துயரமும்

1977-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்திலுள்ள சில்வர்ஸ்டன் பாதையில் வில்னேவ் முதன்முதலாக உலகப் பந்தயத்தில் ஏறினார். பயிற்சியின்போது அவர் வண்டி பன்முறை சுழன்றது. கண்டோர் சிலர் நகைத்தனர். அவரோ ஒவ்வொரு வளைவிலும் எல்லை எதுவென்பதை, அதனைக் கடந்து பார்த்தே அறிந்துகொண்டிருந்தார். முடிவில், குழுவின் பழைய சாரதியாகிய யோகென் மாஸ் என்பாரினும் முந்திய இடத்தைப் பெற்றார். இந்த மாஸ் என்பாரின் பெயரை நேயர்கள் நினைவிற்கொள்க.

மக்லாரன் குழுவினர் அவரை மேலும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் இத்தாலி நாட்டின் புகழ்பெற்ற ஃபெராரி நிறுவனத்தின் தலைவரான முதியவர் என்ஸோ ஃபெராரி அவரை அழைத்துக்கொண்டார். இச்சிறு உருவினரைக் கண்டதும், தம் இளமைக்கால வீரராகிய நுவோலாரியே அம்முதியவரின் நினைவிற்கு வந்தனராம்.

புதிய பணியின் தொடக்கமே துயரத்தில் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஜப்பானின் பூஜி பாதையில், முன்சென்ற ரான்னி பீட்டர்சன் என்பாரின் வண்டியில் வில்னேவின் வண்டி மோதி மேலே பறந்து, நிற்றற்கு விலக்கப்பட்ட இடத்தில் நின்றிருந்தோர்மேல் வீழ்ந்தது. இருவர் உயிரிழந்தனர். அவரோ காயமின்றித் தப்பினார். அவரைப் போற்றுவோரும் இதனை மறைத்தல் ஆகாது. வேகத்தின் விலையைச் சில வேளைகளில் அதனை விரும்பாத பிறரும் கொடுக்க நேர்கிறது.

பட்டத்தை ஒட்டிய ஆண்டு

1978-ஆம் ஆண்டு அக்டோபரில் தம் தாய்நாட்டு மான்ட்ரியால் நகரிலேயே வில்னேவ் தமது முதல் வெற்றியை எய்தினார். கனடா நாட்டினர் ஒருவர் உலகப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது அதுவே முதன்முறை.

அடுத்த 1979-ஆம் ஆண்டே அவர் வாழ்வின் உச்சம். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜோடி ஷெக்டர் என்பார் ஃபெராரி குழுவில் அவருக்குத் துணைவராக வந்தார். இருவரும் மனமொத்த நண்பராயினர். ஜூலையில் பிரான்சின் டிஷோன் பாதையில், தம்மினும் வலிமிக்க இயந்திரம் பூட்டிய ரெனோ வண்டியில் வந்த ஆர்னூ என்பாருடன் இரண்டாம் இடத்திற்காக வில்னேவ் செய்த போர், இன்றும் பந்தய அன்பர்களால் வியந்து பேசப்படுகிறது. இறுதிச் சுற்றுகளில் இருவரும் சக்கரத்தோடு சக்கரம் உராய மாறி மாறி முந்தினர்; இருவரும் பாதை தவறினர்; இருவரும் மீண்டனர். முடிவில் கால் விநாடியளவில் வில்னேவ் முந்தினார். தோற்றவருக்கும் வென்றவருக்கும் இடையே மனக்கசப்பு ஒன்றும் எழவில்லை.

இத்தகைய சாரதி, செப்டம்பர் 9-ஆம் தேதி இத்தாலியின் மான்ஸா பாதையில் ஷெக்டரின் பின்னே இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தார். ஷெக்டர் வென்றால் பட்டம் அவருக்கு அன்றே உறுதி. இருவர்க்கும் இடைவெளி அரை விநாடியே. ஆர்னூவோடு அவ்வாறு போர் செய்தவர் அன்று முந்த முயலவேயில்லை. முன்னிற்பவரைக் குழுவிலுள்ள மற்றவர் தாக்குதல் கூடாது என்னும் ஏற்பாட்டிற்கு அடங்கி, நண்பரின் பின்னே அமைதியாக எல்லைக்கோட்டைக் கடந்தார். பட்டம் ஷெக்டருக்குச் சென்றது.

அவ்வாண்டின் விதிப்படி, முற்பகுதிப் பந்தயங்களில் சிறந்த நான்கும் பிற்பகுதியில் சிறந்த நான்குமே கணக்கிற் கொள்ளப்பட்டன. அதன்படி ஷெக்டருக்கு 51 புள்ளிகள், வில்னேவுக்கு 47. மான்ஸாவில் மட்டும் இருவர் இடமும் மாறி, ஏனைய பந்தயங்களின் முடிவுகள் அப்படியே இருந்திருப்பின், கணக்கு யாதாகும்? வில்னேவுக்கு 50, ஷெக்டருக்கு 48. உலகச் சாம்பியன் பட்டம் இரண்டு புள்ளிகளால் வில்னேவுக்கே உரியதாயிருக்கும். அவர்க்கு வயது இருபத்தொன்பது. இன்னும் பல ஆண்டுகள் உள்ளன, தம் முறையும் வரும் என்று அவர் எண்ணியிருத்தல் இயல்பு. அம்முறை வரவேயில்லை.

அவ்வாண்டின் இறுதிப் பந்தயத்திற்காக அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் பாதையில் பெருமழையில் நடந்த பயிற்சியில், மற்றெல்லாரினும் ஒன்பது விநாடிகளுக்குக் குறையாமல் முந்திச் சுற்றினார். அரை விநாடியே பெரிதாகக் கருதப்படும் துறையில் இஃது எத்தகைய செயல் என்பதை நேயர்களே உணரலாம். அப்பந்தயத்தையும் அவரே வென்றார்.

குறைபட்ட வண்டியில் நிறைந்த வெற்றி

1980-இல் ஃபெராரி வண்டி பிறர் வண்டிகளுக்கு ஈடாகவில்லை. ஆண்டு முழுதும் உழைத்தும் வில்னேவ் பெற்றவை 6 புள்ளிகளே. ஷெக்டர் அவ்வாண்டோடு பந்தயத்தினின்று விலகினார். 1981-இல் வந்த புதிய வண்டிக்கு இயந்திர வலிமை மிகுதி; வளைவில் நிலைத்து நிற்கும் தன்மையோ குறைவு. அதனைக் கொண்டே மொனாக்கோவிலும், அடுத்து ஜூன் 21-ஆம் தேதி ஸ்பெயினின் ஹராமா பாதையிலும் வென்றார்.

ஹராமாவில் அவர் பின்னே அவரினும் விரைவாக வளையவல்ல நான்கு வண்டிகள் வரிசையாக நெருங்கி வந்தன. வளைவுகளில் எவரும் நுழைய இடங்கொடாமல் தம் வண்டியை நிறுத்தியும், நேர்பாதை வந்தவுடன் இயந்திர வலிமையால் சற்றே விலகியும், சுற்றுக்குச் சுற்று ஒரு தவறும் செய்யாமல் காத்தார். எல்லைக்கோட்டை ஐந்து வண்டிகளும் ஒன்றேகால் விநாடிக்குள் கடந்தன, முதலாவது வில்னேவ். துணிச்சல் ஒன்றே உடையவர், நிதானம் அற்றவர் என அவரைப் பழித்தார்க்கு இப்பந்தயமே விடை.

இமோலாவும் ஸோல்டரும்

1982-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி இத்தாலியின் இமோலாவில் ஃபெராரி வண்டிகள் இரண்டும் முன்னணியில் நின்றன. முன்னே வில்னேவ், பின்னே அவருடைய புதிய துணைவரும் பிரெஞ்சுக்காரருமான டிடியே பிரோனி. எரிபொருளைக் காக்கும் பொருட்டு வேகத்தைக் குறைக்குமாறு குழுவினர் பலகை காட்டினர். மான்ஸாவில் தாம் பின்பற்றிய ஒழுங்கே இங்கும் நிலவும் என வில்னேவ் நம்பினார். பிரோனி இடையிடையே முந்தியதைக் கூடக் கூட்டத்தாரை மகிழ்விக்கும் விளையாட்டென்றே கருதினார். ஆனால் இறுதிச் சுற்றில் பிரோனி முந்தி வெற்றியைக் கைக்கொண்டார். பலகையின் பொருள் இடம் மாறலாகாது என்பதன்று என்பது பிரோனியின் கட்சி. வில்னேவோ தாம் வஞ்சிக்கப்பட்டதாகவே கொண்டார். இனி அவரோடு பேசுவதில்லை என உறுதி பூண்டார். தோல்வியினும் நம்பிக்கை முறிவே அவர் நெஞ்சைச் சுட்டது.

பதின்மூன்று நாட்கள் கழித்து, மே 8-ஆம் தேதி, பெல்ஜியத்தின் ஸோல்டர் பாதையில் மறுநாட் பந்தயத்திற்கு இடம் வகுக்கும் ஓட்டம் நடந்தது. முடிவிற்குச் சில நிமிஷங்களே இருந்தபோது பிரோனியின் நேரம் வில்னேவினதினும் விநாடியில் பத்திலொரு பங்கு குறைவாயிருந்தது. வில்னேவ் மீண்டும் புறப்பட்டார். எதிரே ஒரு வண்டி மெல்லச் சென்றுகொண்டிருந்தது. அதனை ஓட்டியவர், முன்னே நாம் குறித்த யோகென் மாஸ். வழிவிட எண்ணி அவர் வலப்புறம் ஒதுங்கினார். அவரைக் கடக்க எண்ணி வில்னேவும் அதே கணத்தில் வலப்புறமே திரும்பினார். வண்டிகள் மோதின. வில்னேவின் வண்டி வானில் எழுந்து சிதைந்தது. அவர் வெளியே வீசப்பட்டார். அன்றிரவே லூவன் நகர மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தது. வயது முப்பத்திரண்டு.

பின்னிகழ்ந்தவை

அவ்வாண்டு பட்டம் தமக்கே என நின்ற பிரோனியும் அதனை எய்தவில்லை. ஆகஸ்டில் ஜெர்மனியில் மழையில் நேர்ந்த மோதலில் அவர் கால்கள் நொறுங்கின. முதல்தரப் பந்தயத்தில் அவர் மீண்டும் ஓட்டவில்லை. 1987-இல் இங்கிலாந்துக் கடலில் மோட்டார்ப் படகுப் பந்தயத்தில் அவரும் இறந்தார். அவர் இறந்தபின் பிறந்த இரட்டைப் புதல்வர்க்கு இடப்பட்ட பெயர்கள் டிடியே, ஜில் என்பன. பகையை மரணம் ஆற்றிய விதம் இது.

மான்ட்ரியால் பந்தயப் பாதைக்கு வில்னேவின் பெயரே இடப்பட்டது. அவர் மகன் ஜாக், தந்தைக்குக் கிட்டாத உலகப் பட்டத்தை 1997-இல் பெற்றார். நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் முதல் இந்தியராக உலகப் பந்தயத்தில் இறங்கியபோது, அந்த ஜாக்கும் அதே பந்தயங்களில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

முடிவுரை

ஜில் வில்னேவ் ஓட்டிய உலகப் பந்தயங்கள் 67, வென்றவை 6. அவரினும் மிகுதியாக வென்றார் பலர் உளர். ஆயின் பட்டத்தைப் பறித்துக்கொள்ளும் ஆற்றலும் இடமும் ஒருங்கே வாய்த்த நாளில், பிறர்க்கு உரியதென ஒதுங்கி நின்றார் எத்தனை பேர்? பவுல் அப்போஸ்தலர் வாழ்க்கையைப் பந்தய ஓட்டத்திற்கு ஒப்பிட்டபோது, அழியும் கிரீடத்தினும் அழியாத கிரீடத்தையே பெரிதெனக் காட்டினார் அன்றோ?

மாணவர்களாகிய நாமும் பரீட்சையிலும் விளையாட்டிலும் முதலிடத்தை நாடுகிறோம்; நாடுதல் நன்றே. முதலிடம் தவறினும் ஒழுங்கு தவறாமை நன்று என்பதை மான்ஸா கற்பிக்கிறது. சினம் மூண்ட உள்ளத்தோடு எச்செயலிலும் விரைதல் தீது என்பதை ஸோல்டர் நினைப்பூட்டுகிறது. அவருடைய வேகம் பந்தயப் பாதைக்கு உரியது. நம் நெடுஞ்சாலையில் அதனைப் பின்பற்ற முயல்வார் அவரை அறியாதவரே. நாம் பின்பற்றுதற்குரியது, அவர் மான்ஸாவில் முந்தாது நின்ற அந்த அரை விநாடியே.