சாமி துரையும் அவரைச் சுமந்தாரும்

நம் முன்னோர் ஒருவருடைய சரித்திரஞ் சொல்லப் புகுமிடத்து, நாட்டையும் ஊரையும் குடியையும் முதற்கண் கூறி, அதன் பின்னரே அவர் செயலைக் கூறுவர். இலங்கைத் தேயிலைக்குப் பிதா எனப்படும் ஜேம்ஸ் டெய்லர் சரித்திரத்தை அம்முறையிற் சொல்லுதல் எளிது. அவர் குடிவரலாறு கடுதாசியில் நிற்றலின் என்க.

ஸ்கொத்லாந்து தேசத்திலே, ஒக்கன்பிளே என்னும் சிற்றூரின் அயலில், 1835ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29ஆந் திகதி பிறந்தார். தந்தையார் மைக்கேல் டெய்லர் வண்டிச்சக்கரஞ் செய்யுந் தச்சர். தாயார் மார்கரற் மோயிர், மைந்தர்க்கு ஒன்பது வயதாகையில் இறந்தார். 1851இல் ஆண்டுக்கு நூறு பவுண் சம்பளமாக மூன்றாண்டு உடன்படிக்கை எழுதிக் கப்பலேறிய டெய்லர், மறுவருடம் கண்டிச் சீமையை அடைந்தார். அப்பொழுது அவருக்கு ஏறக்குறையப் பதினேழு வயது. அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொத்லாந்துத் தேசிய நூல்நிலையத்தில் இன்றும் உள. அவர் குடும்பத்தை ஆராய்வோர்க்குக் கோயிற்பற்றுப் புத்தகமுங் கடிதமும் ஒன்றுக்கொன்று சாட்சி கூறும். யான் மிஷன் பாடசாலையிற் படித்த நாளில், உபதேசியார் ஞானஸ்நானப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுதல் கண்டு நகைத்ததுண்டு, இப்பொழுது நகையேன்.

டெய்லர் வாழ்ந்தது லூல்கந்துரைக் கோப்பித் தோட்டம். அங்கே 1867இல் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை நட்டார். ஈரிரு வருடத்துள் கோப்பியைக் கொடுநோய் பற்றியது. தேயிலையே மலைநாட்டைக் காத்தது. முதலிற் பங்களா விறாந்தையிலே கையால் உருட்டிய கொழுந்துக்கு 1872இல் தொழிற்சாலை எழுந்தது. 1873இல் இருபத்துமூன்று இறாத்தல் தேயிலை லண்டனுக்குச் சென்றது. 1874இல் தேயிலை பார்க்கவே டார்ஜிலிங் சென்று வந்தார், பிறந்தவூருக்கு மீண்டிலர். நாற்பதாண்டு உழைத்த அவரை உடையவர்கள் 1892இல் விலகுமாறு வற்புறுத்தினர். அவர் மறுத்தார். அவ்வாண்டு மே மாதம் 2ஆந் திகதி வயிற்றுளைவினால் அங்கேயே இறந்தார்.

அவரைச் சாமி துரை என்றழைத்த தொழிலாளர் இருபத்து நால்வர், இரு கூட்டமாய்ப் பிரிந்து, நாலு மைலுக்கொருமுறை தோள்மாற்றி, பெரிய சரீரத்தையுடைய அவரைக் கண்டி மகியாவை இடுகாடுவரை சுமந்தனர்.

ஆசிரிய அன்பர்காள்! அவ்விருபத்து நால்வரின் ஊர் யாது? தந்தை யார்? மன்னார்க்கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த கூட்டங்களின் வழியினர் தோட்டத் தமிழர். கங்காணியின் கடனைக் குறித்தது துண்டு. அன்றாட வேலையைக் குறித்தது செக்ரோல். இரண்டும் கூலியை எண்ணினவேயன்றிக் குடியை எண்ணினவல்ல.

இது வீண் ஆராய்ச்சியன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தார் என்றேனும், பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்றேனும் காட்டும்படி கேட்டது. பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாதார் எதைக் காட்டுவர்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பலர் கப்பலேற்றப்பட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சினோர்க்கு வழி செய்தது.

பள்ளிச் சேர்விடாப்பிலே தந்தை பெயருக்கு இடமுண்டு, பாட்டன் பெயருக்கு இல்லை. யான் ஓரத்திலே பாட்டன் பெயரையும் அவர் வந்த ஊரையும் பென்சிலாற் குறித்து வருகின்றேன். ஊர்ப்பெயரைப் பிள்ளைகள் அறியார். வீட்டுக் கிழவியாரிடம் கேட்டு மறுநாள் வந்து சொல்லுவர். சிலர் குலதெய்வத்தின் பெயரை மாத்திரம் சொல்லுவர். அதனையும் எழுதிக்கொள்கின்றேன்; தெய்வத்தின் பெயரைக்கொண்டு ஊரைக் கண்டறிதல் சிலவிடத்து இயலும்.