கிழிந்தது நகல், ஜெயித்தது மூலம்... திருநாவலூர் சுந்தரர் வழக்கில் ஈஆர்பி மாணவர்களுக்கு என்ன இருக்கு?

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது திருநாவலூர். தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சுந்தரர் பிறந்த ஊர். கல்யாணத்தன்று ஒரு முதியவர் ஓலையோடு வந்து அவரை அடிமை என்று சொன்ன கதை பலருக்கும் தெரியும். ஆனா அந்தக் கதைக்கு நடுவுல ஒரு முழு ஆவண விசாரணை நடக்குது. பி.காம் முடிச்சுட்டு எஸ்ஏபி, டேலி, ஆரக்கிள்னு ஏதாவது ஒரு கோர்ஸ்ல சேரப் போறவங்க கொஞ்சம் நின்னு பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

யார் இந்த சுந்தரர்?

இயற்பெயர் நம்பி ஆரூரர். அப்பா சடையனார், அம்மா இசைஞானியார். திருமுனைப்பாடி நாட்டை ஆண்ட நரசிங்க முனையரையர் இந்தக் குழந்தையைப் பார்த்து ஆசைப்பட்டு, தன் மகனைப் போல வளர்த்தார். காலம் 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பது பலரின் கணிப்பு. இவருடைய வாழ்க்கையை விரிவாகச் சொல்வது 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம். சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. அதனாலோ என்னவோ, வழக்கு நடக்கும் பகுதியில் ஆவண நடைமுறைகளை அத்தனை நுணுக்கமாக எழுதியிருக்கிறார்.

கல்யாண வீட்டில் என்ன நடந்தது?

புத்தூர் சடங்கவி சிவாச்சாரியாரின் மகளுடன் திருமணம் நிச்சயமாகிறது. முகூர்த்த நேரத்தில் தடியும் குடையுமாக ஒரு முதியவர் வருகிறார். மாப்பிள்ளையின் தாத்தா தனக்கு அடிமை ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறார், அதனால் பேரனும் தனக்கு அடிமை என்கிறார். ஒரு அந்தணர் இன்னொரு அந்தணருக்கு அடிமையாவது எங்கேயும் கிடையாதே என்று ஆரூரருக்குக் கோபம். ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடுகிறார்.

பிரச்னை அங்கேயே முடிஞ்சிருக்கணும். முடியல. முதியவர் வழக்கை திருவெண்ணெய்நல்லூர் சபைக்குக் கொண்டு போகிறார். கல்யாணம் நின்றுவிட்டது. அந்த மணப்பெண்ணின் பெயரைக்கூட புராணம் சொல்லவில்லை. ஆரூரரையே நினைத்து வாழ்ந்து சிவலோகம் அடைந்தார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

சபை எப்படி விசாரித்தது?

ஆட்சி, ஆவணம், சாட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறது சபை. ஆட்சி என்றால் வழக்கத்தில் இருந்துவரும் நடைமுறை. அப்போதுதான் முதியவர் விஷயத்தைப் போட்டு உடைக்கிறார். கல்யாண வீட்டில் கிழிந்தது வெறும் படி ஓலை, அதாவது நகல். மூல ஓலை தன்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதையும் கிழிக்க விடமாட்டோம் என்று சபை உறுதி கொடுத்த பிறகுதான் வெளியே எடுக்கிறார்.

சபையின் கணக்கர், அதாவது கரணத்தான், ஓலையின் பழமையைப் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்க வாசிக்கிறார். சாட்சிக் கையெழுத்துகள் சரிபார்க்கப்படுகின்றன. அதோடு விடவில்லை. தாத்தாவின் கையெழுத்து இருக்கும் வேறொரு பழைய ஓலையைக் காப்பறையிலிருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். ஒத்துப் போகிறது. தீர்ப்பு முதியவர் பக்கம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓலை எழுதிய தாத்தாவின் பெயரும் ஆரூரன்தான். ஈஆர்பி-யில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி நல்லாவே தெரியும். ஒரே பெயரில் இரண்டு சப்ளையர் இருந்தால் பணம் தப்பான ஆளுக்குப் போகும். அதனால்தான் பெயரை நம்பாமல் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுக்கிறார்கள்.

இதுக்கும் ஈஆர்பி-க்கும் என்ன சம்பந்தம்?

கொள்முதல், கிடங்கு, விற்பனை, சம்பளம், கணக்கு என ஒவ்வொரு பிரிவும் தனித்தனி நோட்டு வைக்காமல் ஒரே தரவுத்தளத்தில் பதிவதுதான் ஈஆர்பி. 1972-ல் ஜெர்மனியில் ஐபிஎம் நிறுவனத்திலிருந்து வெளியேறிய ஐந்து பேர் ஆரம்பித்த எஸ்ஏபி இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒன்று. அதில் ஒரு கணக்குப் பதிவைப் போஸ்ட் செய்துவிட்டால் அழிக்க முடியாது. தப்பு என்றால் எதிர்ப்பதிவுதான் போடணும். பழையதும் இருக்கும், திருத்தமும் இருக்கும்.

இந்தியாவில் இது சட்டமாகவே வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைக்கவும் முடியக்கூடாது. ஓலையைக் கிழித்துவிட்டுத் தப்பிக்கும் வழி அடைக்கப்பட்டுவிட்டது.

சப்ளையருக்குப் பணம் கொடுக்கும் முன் கொள்முதல் ஆர்டர், சரக்கு வரவு, பில் மூன்றும் பொருந்துதான்னு பார்ப்பார்கள். வெண்ணெய்நல்லூர் சபை செய்ததும் கிட்டத்தட்ட இந்த வேலைதான். எந்தத் திரையில் எந்தக் கோடு அடிக்கணும்னு மனப்பாடம் செய்வதைவிட, ஒரு எண்ணுக்குப் பின்னால் எந்த ஆவணம் நிற்குதுன்னு கேட்கப் பழகுவது முக்கியம். கோடுகள் அடுத்த வெர்ஷனில் மாறிவிடும்.

ஆற்றில் போட்டு குளத்தில் தேடியவர்

தீர்ப்புக்குப் பிறகு முதியவரின் வீட்டைக் காட்டச் சொல்ல, அவர் திருவருட்டுறை கோயிலுக்குள் போய் மறைந்தார். வந்தவர் சிவன் என்று அப்போதுதான் புரிகிறது. அன்றிலிருந்து சுந்தரர் ஊர் ஊராகப் பாடிக்கொண்டே போனார். திருவாரூரில் பரவையாரையும், திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணந்தார். சங்கிலியாரிடம் செய்த சத்தியத்தை மீறியதால் பார்வை போனது. ஒரு கண் காஞ்சியிலும் மறு கண் திருவாரூரிலும் திரும்பியது.

விருத்தாசலத்தில் கிடைத்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர் குளத்தில் எடுத்த கதையும் இவருடையதுதான். போடும் முன்பே அந்தப் பொன்னில் கொஞ்சம் வெட்டி மாதிரியாகக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் கிடைத்ததை உரைத்துப் பார்த்தபோது தரம் குறைந்திருந்தது. மறுபடி பாடித்தான் சரியானது. ஒரு கிளையிலிருந்து கிளம்பிய சரக்கு இன்னொரு கிளையில் அதே தரத்தில் வந்து சேர்ந்ததான்னு பார்க்கிற வேலை, கடவுள் கொடுத்த பொன்னுக்கும் விலக்கு இல்லை!

திருவாரூரில் இவர் பாடிய திருத்தொண்டத்தொகை தனியடியார் 60 பேரையும், தொகையடியார் 9 வகையினரையும் வரிசையாகச் சொல்கிறது. பின்னாளில் சுந்தரரும் பெற்றோரும் சேர்ந்து நாயன்மார் 63 ஆனார்கள். நம்பியாண்டார் நம்பியும் சேக்கிழாரும் எழுதியது இந்தப் பட்டியலை வைத்துத்தான்.

சேர நாட்டுத் திருவஞ்சைக்களத்தில், வெள்ளை யானை மீதேறி கயிலாயம் போனார் என்கிறது புராணம். அப்போது அவருக்கு 18 வயது என்பது மரபு. ஆடி மாதம் சுவாதி நட்சத்திரத்தில் அவருக்குக் குருபூஜை நடக்கிறது.