நாகசுரச் சக்கரவர்த்தி இராசரத்தினம் பிள்ளை

மங்கல காரியம் எதுவாயினும் நாகசுரம் முன்னே ஒலித்தல் தமிழ்நாட்டு வழக்கு. நம் குடியாத்தத்திலும் மணவீடு இதுவென வழிப்போவார்க்கு அறிவிப்பது அவ்வொலியே. ஆயினும் கருவிக்கு அளித்த மதிப்பை அதனை வாசிப்பார்க்கு நம் முன்னோர் அளித்திலர். மேற்சட்டையின்றி நின்றும், வீதிகளில் நடந்தும் வாசித்தலே அக்கலைஞர்க்கு விதிக்கப்பட்டிருந்தது. அந்நிலையை மாற்றியவருள் தலையாயவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை அவர்கள்.

இவர் 1898 ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 ஆம் நாள் தோன்றினார். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். இளமையிலேயே தந்தையை இழந்தமையால், தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளை இவரை வளர்த்தார். திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயரிடம் இசையும், அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரமும் பயின்றார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கினார்.

நாகசுரம் இரட்டை நாக்குடைய குழற்கருவி. சீவாளியின் இரு நாணல் ஏடுகள் மூச்சால் அதிர, ஒலி பிறக்கும். வடநாட்டு ஷெனாயும் மேனாட்டு ஓபோவும் இவ்வினத்தனவே. ஓபோவில் சுரபேதங்களுக்கு உதவுவன உலோகச் சாவிகள்; நாகசுரத்திலோ விரலும் உதடும் மூச்சுமே அவற்றை ஆக்கல் வேண்டும். பழைய திமிரி நாகசுரம் குட்டையானது. உரத்த சுருதி உடையது. அதிற் சுத்த மத்தியமம் எளிதிற் பிறவாது. இக்குறையை இராசரத்தினம் பிள்ளை பொறுத்திருந்தாரல்லர். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியாரோடு கலந்து முயன்று, நீண்டதும் தாழ்ந்த சுருதியுடையதுமாகிய பாரி நாகசுரத்தை உருவாக்குவித்தார். சுத்த மத்தியமம் அதிற் செவ்வனே ஒலித்தது. இவர் புகழுக்கு நிலைக்களமாகிய தோடி இராகம் அச்சுரத்தையே உடையதென்பதை நினைப்பார்க்கு, அம்முயற்சியின் அருமை விளங்கும். அத்தோடி இசைத்தட்டாக வெளிவந்து ஊரெங்கும் பரவிற்று.

கருவியைத் திருத்தியவர் தம் நிலையையும் திருத்திக்கொண்டார். மேடையில் அமர்ந்து கச்சேரி செய்தார், குடுமி நீக்கிக் கிராப்பு வைத்தார், ஷெர்வானி அணிந்தார், ஒத்துக்கு மாறாகத் தம்புராவைச் சுருதிக்குக் கொண்டார். செருக்கென்று சிலர் பழித்தனர். வாய்ப்பாட்டினர்க்குரிய மதிப்புத் தமக்கும் உரியதென்பதே இவர் கருத்து. 1940 இல் வெளிவந்த ‘காளமேகம்’ திரைப்படத்தில் இவரே தலைமை வேடம் தாங்கினார். 1947 ஆகஸ்டு 14 ஆம் நாள், ஆதீனத்தார் தில்லியில் நேரு அவர்கட்குச் செங்கோல் வழங்கியபோது, இவர்தம் நாகசுரம் ஆங்கு ஒலித்தது.

பெரும்பொருள் ஈட்டினாரேனும் அதனைக் காக்கும் திறம் இவர்பால் இல்லை. 1956 டிசம்பர் 12 ஆம் நாள் சென்னையிற் காலமானார். இவர் தூண்டுதலாற் பிறந்த கருவியோ இன்றும் மேடைதோறும் ஒலிக்கின்றது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022 இல் புவிசார் குறியீடும் கிட்டியது.

கைத்தொழிலால் வாழும் நம் இளைஞர் இவர்பாற் கற்கத்தக்கது ஒன்றுண்டு. மதிப்பு வேண்டுமென்று வாயாற் கேட்டதோடு இவர் அமைந்தாரல்லர். தம் தொழிற்கருவியின் குறையைத் தாமே கண்டு களைந்தார். தொழில் உயர்ந்தது; தொழிலாளனை நிற்கவைத்த ஊர் அவனை அமரச் செய்தது.