பதவி முடிந்த பின்னும் தொடர்ந்த பணி

பொங்கலூரில் பள்ளியிறுதி வகுப்பு வரை இயற்பியலையும் வேதியியலையும் தமிழிலேயே படித்தவன் நான். அன்று அது இயல்பாகவே தோன்றியது. அந்த இயல்புக்குப் பின்னே பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் உழைப்பு இருந்ததைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். அவர், திருப்பூரின் மக்களவை உறுப்பினராக இருந்த தி.சு. அவிநாசிலிங்கம்.

1903-இல் திருப்பூரில் பிறந்த அவர் சட்டம் பயின்றவர். பொருளீட்டும் வாய்ப்பிருந்தும் காந்தியடிகளின் வழியையும் ராமகிருஷ்ணர், விவேகானந்தர் நெறியையும் தேர்ந்துகொண்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றார். 1930-இல் கோவையில் அவர் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு படித்தனர். தீண்டாமை ஊறிக் கிடந்த அன்றைய கொங்கு நாட்டில் அது எளிய செயலன்று.

1935 முதல் பத்தாண்டுகள் மத்திய சட்டப்பேரவையில் இருந்த அவர், 1946-இல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாக வேரூன்றியதும், திருக்குறள் பாடத்திட்டத்தில் இடம்பெற்றதும் அவர் காலத்தில்தான். பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை ஓமந்தூரார் அரசு பெற்றபோதும் கல்வி அமைச்சர் அவரே.

பயிற்றுமொழியை மாற்ற ஓர் அரசாணை போதும். ஆனால், அம்மொழியில் படிக்க நூல்கள் வேண்டுமே! அந்தக் குறையைப் போக்கவே 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, தமிழில் கலைக்களஞ்சியம் உருவாக்கும் பணியை மேற்கொண்டார். வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் அதன் தலைமைப் பதிப்பாசிரியரானார்.

1949-இல் அமைச்சர் பதவி முடிந்தது, பணி முடியவில்லை. 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் திருப்பூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1958 முதல் 1964 வரை மாநிலங்களவையில் இருந்தார். இதற்கிடையே 1954-இல் வெளிவரத் தொடங்கிய கலைக்களஞ்சியம், 1968-இல் பத்தாம் தொகுதியுடன் நிறைவுற்றது. அடுத்து, குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாக வந்தது. 1957-இல் கோவையில் அவர் தொடங்கிய மகளிர் மனையியல் கல்லூரி, 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1970-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1991-இல் மறைந்தார்.

இன்று எங்கள் பகுதியில் பனியன் நிறுவனத்திலும் விசைத்தறிக் கூடத்திலும் உழைப்போர், கூலியில் கணிசமான பகுதியை ஆங்கிலவழிப் பள்ளிக் கட்டணமாகச் செலுத்துகின்றனர். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. உயர்கல்வியும் வேலைவாய்ப்பும் ஆங்கிலத்தைக் கேட்கும்போது அவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால், பாடம் புரியாமல் மனப்பாடம் செய்யும் பிள்ளைகளைக் காணும்போது, அவிநாசிலிங்கம் தொடங்கிவைத்த பணியை நாம் பாதியில் விட்டுவிட்டோமோ என்ற கவலை எழுகிறது. அறிவியல் ஆண்டுதோறும் வளர்கிறது; அதற்கேற்ப நூல்களும் புதுப்பிக்கப்பட வேண்டும். பெருமை பேசுவதால் மட்டும் எம்மொழியும் அறிவு மொழியாக நிலைத்துவிடாது.

சாலை, பாலம், ரயில் நிறுத்தம் ஆகியவற்றைக் கொண்டே மக்கள் பிரதிநிதிகளை நாம் எடைபோடுகிறோம். அவை தேவைதாம். அவற்றோடு, நம் பிள்ளைகள் புரிந்து படிப்பதற்கு என்ன செய்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். திருப்பூரிலிருந்து நாடாளுமன்றம் சென்ற ஒருவர் அக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்திருக்கிறார்.