மருத்துவர் முத்துலட்சுமி அம்மாவும் என் மாத்திரையும்



இந்த மலருக்கு நீங்களும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று நம் கூட்டமைப்புத் தலைவி கேட்டபோது, எனக்கு என்ன தெரியும் என்றுதான் முதலில் தோன்றியது. நான் எட்டாவது வரை படித்தவள். இருபது வருஷமாகக் குழுவில் இருக்கேன். தையலும் ஆடு வளர்ப்பும்தான் பிழைப்பு. ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் எழுத எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அவர் பெயர் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வீட்டில் மகளோ மருமகளோ உண்டானால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிஞ்சு பேறுகாலப் பணம் வாங்குறோம் இல்லையா, அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயர்தான். என் மகளுக்கு எழுதிக்கொடுக்கும்போது நானும் அந்தப் பெயரைப் பார்த்தேன். யார் இவங்க என்று கேட்கத் தோணலை. எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனப்போதான் தெரிந்துகொண்டேன். அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு டீச்சரம்மா, இந்த இடத்தை உண்டாக்கினவங்க உங்க புதுக்கோட்டைக்காரங்கதான் என்று சொன்னாங்க. ஊருக்கு வந்ததும் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். படித்ததை என் வார்த்தையில் சொல்கிறேன்.

முத்துலட்சுமி அம்மா 1886-ம் வருஷம் ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெண்களை ஊர் எந்தக் கண்ணோடு பார்க்கும் என்பது சின்ன வயதிலேயே அவருக்குத் தெரியும். மேலே படிக்க வேண்டும் என்றார். ஆண் பிள்ளைகள் படிக்கிற கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு வந்துச்சு. மகாராஜா இடம் கொடுக்கச் சொன்னதால் சேர்ந்தார். அந்தக் கல்லூரியில் படித்த முதல் பெண் அவர்தான்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். நம்ம பாட்டிமார் காலத்தில் வயசுக்கு வந்த பெண்ணை வாசலுக்கே விடமாட்டார்கள். அந்தக் காலத்தில் இது நடந்திருக்கு. 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது தங்கச்சியின் சாவு. 1920-களின் தொடக்கத்தில், சின்ன வயதுத் தங்கைக்கு மலக்குடலில் புற்றுநோய். அக்கா டாக்டர். ஊரில் தெரிந்த பெரிய டாக்டர்கள் எத்தனையோ பேர். இருந்தும் காப்பாற்ற முடியலை. தங்கச்சி வலியில் துடித்ததைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர். டாக்டராக இருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் புற்றுநோய்க்கு இருந்த வைத்தியம் இரண்டே இரண்டுதான். ஒன்று, கத்தி வைத்து வெட்டி எடுப்பது. இன்னொன்று, எக்ஸ்ரே, ரேடியம் கொண்டு சுடுவது. நோய் ஒரே இடத்தில் இருந்தால் இது உதவும். மார்பில் வந்தது எலும்புக்கோ நுரையீரலுக்கோ ஈரலுக்கோ பரவிவிட்டால் எத்தனை இடத்தில் வெட்டுவது? உடம்பு முழுக்கப் போய் வேலை செய்கிற மருந்து வேண்டும். அப்படி ஒரு மருந்து அப்போது கிடையாது.

1925-ல் மேல்படிப்புக்கு லண்டன் போனார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இருப்பதைப் பார்த்தார். நம்ம ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவர் மனசில் ஊன்றிப் போச்சு.

திரும்பி வந்ததும் வேறு வேலைகள் வரிசையாக வந்தன. 1927-ல் சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். தன் அம்மாவின் வீட்டு வலியை அவர் சட்டசபைக்குக் கொண்டுபோனார். முழுச் சட்டம் வர 1947 வரை ஆச்சு. காந்தியைச் சிறையில் அடைத்ததைக் கண்டித்து 1930-ல் பதவியைத் தூக்கிப் போட்டார். போக்கிடம் இல்லாத பெண்பிள்ளைகளுக்காக ஔவை இல்லம் தொடங்கினார். அது இன்றைக்கும் அடையாறில் இருக்கு.

இத்தனைக்கு நடுவிலும் தங்கச்சியை அவர் மறக்கலை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சொன்னதும் யாரும் ஓடிவந்து கட்டிக்கொடுக்கலை. புற்றுநோய் வந்தால் எப்படியும் சாவுதானே, சாகிறவர்களுக்கு எதற்குத் தனியாகச் செலவு என்றுதான் நிறைய பேர் நினைத்தார்கள்.

சகோதரிகளே, அடுத்த வரியைப் படித்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்த மருத்துவமனைக்குப் பணம் சேர்க்க ஆரம்பித்தது ஒரு பெண்கள் சங்கம்! அம்மா இருந்த இந்திய மாதர் சங்கம் 1949-ல் புற்றுநோய் நிவாரண நிதி என்று ஒன்றைத் தொடங்கியது. அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டியாச்சு. நாம வாரச் சந்தா போட்டு ஆரம்பிச்ச மாதிரி, பெண்கள் கூடிச் சேர்த்த நிதியில் தொடங்கிய காரியம் அது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ம் தேதி மருத்துவமனை திறந்தது. படுக்கை மொத்தம் பன்னிரண்டு. 1935-ல் கேட்டது கையில் கிடைக்கப் பத்தொன்பது வருஷம். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே வேலையை எடுத்துக்கொண்டார். 1955-ல் டாக்டர் சாந்தா அம்மா வந்து சேர்ந்தார். 2021-ல் கண்மூடும் வரை அவருக்கு அந்த மருத்துவமனையே வீடாக இருந்தது.

1968 ஜூலை 22-ம் தேதி முத்துலட்சுமி அம்மா காலமானார். 82 வயது நிறைய எட்டு நாள்தான் பாக்கி.

இனி மருந்துக் கதைக்கு வருகிறேன். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

1896-லேயே ஸ்காட்லாந்தில் பீட்சன் என்ற டாக்டர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். மார்பகப் புற்று முற்றிய ஒரு பெண்ணுக்குச் சினைப்பையை எடுத்துவிட்டதும் கட்டி சுருங்கியது. நம் உடம்பில் சுரக்கிற பெண்மைச் சுரப்பு சில கட்டிகளுக்குத் தீனி போடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. அந்தத் தீனியை மாத்திரையால் தடுக்க முடியுமா? 1962-ல் இங்கிலாந்தில் ஒரு மருந்தைச் செய்தார்கள். முதலில் கருத்தடைக்கு ஆகுமா என்று பார்த்தார்கள், ஆகலை. அப்புறம் முற்றிய மார்பகப் புற்றுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்குக் கட்டி கரைந்தது. அந்த முடிவு வெளியானது 1971-ல், அம்மா போய் மூன்று வருஷம் கழித்து. அதுதான் டமாக்சிஃபென். பின்னால் லெட்ரோசோல் மாதிரி மாத்திரைகள் வந்தன. 1998-ல் ஹெர்-2 என்ற வகைக் கட்டிக்கென்றே டிராஸ்டுசுமாப் என்ற ஊசி வந்தது.

ஆகவே, அம்மா கட்டடத்தைத் திறந்தபோது இந்த மாத்திரையில் ஒன்றுகூட இல்லை. மருந்து வரட்டும், அப்புறம் கட்டலாம் என்று அவர் இருந்திருந்தால், மருந்து வந்தபோது அதைக் கொடுக்க இடமும் இருந்திருக்காது, கொடுக்கத் தெரிந்த டாக்டர்களும் இருந்திருக்க மாட்டார்கள்.

இப்போ என் கதை. எட்டு வருஷத்துக்கு முன்னால் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டுச்சு. வெட்கத்தில் ஆறு மாசம் யார்கிட்டயும் சொல்லலை. அப்புறம் ஆபரேஷன், மருந்து ஏத்துனாங்க, முடி எல்லாம் கொட்டிச்சு. டமாக்சிஃபென் மாத்திரையை ஐந்து வருஷம் விடாமல் சாப்பிடச் சொன்னாங்க. முடி வளர்ந்து உடம்பு தேறினதும், நல்லாத்தானே இருக்கோம் என்று ரெண்டாவது வருஷத்திலேயே நானாக நிறுத்திட்டேன். யாரையும் கேட்கலை. அது என் தப்பு.

நாலு வருஷத்துக்கு முன்னால் முதுகுவலி. தையல் மிஷின்ல குனிஞ்சு உட்கார்ந்து வந்த வலின்னு நினைச்சேன். ஸ்கேன் எடுத்தால் முதுகெலும்புக்குப் பரவியிருக்கு. நாலாம் நிலை என்றார்கள். முழுசாக் குணமாக்க முடியாது, ஆனால் மருந்தால் அடக்கி வைக்கலாம் என்று டாக்டரம்மா விளக்கமாச் சொன்னாங்க. மறுபடி சதை எடுத்து, சுரப்பால் வளர்கிற வகைதான் என்று உறுதி செய்தார்கள். அன்றிலிருந்து தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. எலும்பு பலப்பட மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. மூட்டு வலிக்குது, ராத்திரியில் உடம்பு திடீர்னு சூடாகி வேர்க்குது. ஆனாலும் தைக்கிறேன், ஆடு மேய்க்கிறேன்.

சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. போக வர, தங்க, துணைக்கு வர்றவங்க கூலி போக, இதுக்கெல்லாம் பணம் வேணுமே. குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். அன்றைக்குக் கூட்டத்தில் பெரிய பேச்சு. நாலாம் நிலைன்னா எப்படித் திரும்ப வரும் என்று சிலர் தயங்கினார்கள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. எல்லாருடைய சேமிப்பும் அதில் இருக்கே, பயம் வரத்தானே செய்யும். கடைசியில் எங்க ஊக்குநர் அக்கா, அவள் உயிரோடு இருக்கும்போது கொடுக்காத கடன் எதுக்கு என்று எழுந்து நின்னாங்க. தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. இருபது மாசத்தில் வட்டியோடு கட்டி முடிச்சேன். போன வருஷம் ஆட்டுக்கு இன்னொரு கடனும் வாங்கியிருக்கேன்.

பின்னால் அம்மாவின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு அந்தக் கூட்டம்தான் ஞாபகம் வந்துச்சு. சாகிறவர்களுக்கு எதற்கு என்ற அதே கேள்வி. அதை அவர் பத்தொன்பது வருஷம் கேட்டிருக்கிறார்.

பொய்யாக ஆறுதல் சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை. என்னோடு அங்கே பழகின ஒரு அக்காவுக்கும் இதே மாத்திரைதான். ஒன்றரை வருஷத்தில் போயிட்டாங்க. மருந்து ஒவ்வொரு உடம்பிலும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும். ஒரு மருந்து கேட்பது நின்றுபோனால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றுவார். எனக்கும் ஒருநாள் அது வரலாம். வலி அதிகமானால் அதற்கும் மருந்து இருக்கு. கேட்டு வாங்கணும், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது.

நான் பட்டதிலிருந்து நாலு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

மார்பில் கட்டி, குழி, காம்பில் கசிவு எது தெரிந்தாலும் அந்த வாரமே காட்டுங்க. வெட்கப்பட்டு நான் இழந்தது ஆறு மாசம்.

சதைப் பரிசோதனைச் சீட்டைத் தொலைக்காதீங்க. சுரப்பு வகையா, ஹெர்-2 வகையா என்று அதில்தான் இருக்கும். எந்த மருந்து என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

உடம்பு நல்லா இருக்குன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. ஒத்துக்கலைன்னா டாக்டரிடம் சொல்லுங்க, மாற்றித் தருவாங்க. நாட்டு மருந்து சேர்த்துச் சாப்பிடுவதாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்க.

நாலாவது, குழுவுக்கு. நம்மில் ஒருத்திக்கு முற்றின நோய் என்று தெரிந்தால் அவள் பெயரை வரவு செலவுப் புத்தகத்திலிருந்து மனசால் அடிச்சிடாதீங்க. சந்தா வாங்குங்க, கூட்டத்துக்குக் கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்க.

அடுத்த தடவை பேறுகாலப் பணத்துக்கு எழுதிக்கொடுக்கும்போது அந்தப் பெயரை உங்க மகளுக்கும் சொல்லிக்கொடுங்க. புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பொண்ணு, தங்கச்சியைக் காப்பாற்ற முடியாமல் போனவங்க, நமக்காக ஒரு இடம் கட்டி வச்சுட்டுப் போனாங்க என்று.



இப்படிக்கு,
உங்கள் குழுச் சகோதரி ஒருத்தி