கீசகனைக் கண்டு அஞ்சிய அரசு

புது தில்லி: புராணக் கதையிலும் ராஜத் துரோகத்தைக் கண்டது ஆங்கிலேய அரசு. அதற்கு இலக்கானவர் மராத்தி நாடகாசிரியர் கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர் (1872-1948).

சாங்கலியில் பிறந்த காடில்கர், புணேயில் திலகர் நடத்திய ‘கேசரி’ இதழில் 1897-இல் சேர்ந்தார். அவரது ‘கீசக வதம்’ நாடகம் 1907-இல் மேடையேறியது. மகாபாரதத்தின் விராட பருவமே அதன் கதை. ஆங்கிலேயர் எவருடைய பெயரும் அதில் இல்லை. ஆயினும், கீசகனைக் கர்சன் பிரபுவாகவும், பாஞ்சாலியை அவமதிக்கப்பட்ட பாரதமாகவும், பொறுமை காக்கும் தருமரை மிதவாதிகளாகவும், பீமனைத் திலகரின் அணியினராகவும் மக்கள் புரிந்துகொண்டனர்.

1908-இல் திலகர் சிறைப்பட்டபின், காடில்கர் ‘கேசரி’யின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். 1910-இல் நாடகத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. மக்கள் கண்ட பொருள் சரியே என்பதை அத்தடையின் மூலம் அரசே ஒப்புக்கொண்டது.

1923-இல் மும்பையில் ‘நவாகாள்’ நாளேட்டைத் தொடங்கிய அவர், 1929-இல் ராஜத் துரோக வழக்கில் ஓராண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

சுதந்திர இந்தியாவைக் கண்டபின் அவர் மறைந்தார். ஆனால், நாடகங்களைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் அளித்த 1876-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டம், அதன் பிறகும் ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஏட்டில் நீடித்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவின் மூலம் 2018 ஜனவரியில்தான் அது நீக்கப்பட்டது.